ரீஃப் டேங்க்ல (கோரல், அதாவது பவளம் வளர்க்கிற கடல்தண்ணித் தொட்டி) என்ன மணல் போட்டிருக்கீங்க? அவங்கவங்க அனுபவத்தை சொல்லுங்க

உப்புத்தண்ணி:
லைட்டு, ஸ்கிம்மர் (கழிவை நுரையா பிரிச்செடுக்கிற கருவி) எல்லாம் மாசக்கணக்கா தேடி வாங்குறவங்க கூட மணல்னு வரும்போது எது வெள்ளையா இருக்கோ அதை தூக்கிட்டு வந்துடுறாங்க. என்னைக் கேட்டா, எந்த மீன் வரப்போகுதுன்னு முடிவு பண்ணிட்டுதான் மணல் பக்கமே போகணும். எனக்கு லெப்பர்ட் ராஸ் மேல ஆசை, அது ராத்திரி மணலுக்குள்ள புதைஞ்சுதான் தூங்கும், அதனால ஒரு மில்லிமீட்டருக்குள்ள இருக்கிற நைஸ் அரகோனைட் (கால்சியம் கார்பனேட் மணல்) பாத்து ரெண்டு இன்ச்சுக்கு மேலயே போட்டேன். லைட் மங்க ஆரம்பிச்சதும் ஒரே இடத்தையே சுத்திச் சுத்தி வரும், திடீர்னு தலைகீழா பாயும், லேசா மணல் கிளம்பி அடங்கும்போது மீனைக் காணோம். காலையில லைட் வந்து கொஞ்ச நேரம் கழிச்சு மூக்கு மட்டும் முதல்ல எட்டிப் பாக்கும். இதே மீன் கரடுமுரடான கோரல் துண்டுல பாஞ்சா உடம்பெல்லாம் சிராய்ச்சுக்கும்.

நைஸ் மணல்ல தொல்லை இல்லாம இல்ல. வேவ்மேக்கரை (தொட்டியில அலை கிளப்புற பம்ப்) கொஞ்சம் கூட்டினா போதும், ஒரு மூலையில அடிக்கண்ணாடி தெரியும், எதிர் மூலையில மேடு. வேவ்மேக்கரை மேல ஏத்தி தண்ணி மேற்பரப்பு பக்கமா திருப்பி வெச்சப்புறம்தான் அடங்குச்சு.

நீலத்திரை:
ராஸ் வெச்சிருக்கிறவங்களுக்கு அது சரிண்ணா. எங்க டேங்க் முழுக்க அக்ரோபோரா மாதிரி எஸ்பிஎஸ் (சின்ன பாலிப் உள்ள கெட்டியான கோரல்), அதுக்கு தண்ணி ஃப்ளோ தாறுமாறா வேணும், அவ்ளோ ஃப்ளோல நைஸ் மணல் ஒரு நாள் கூட நிக்காது, அதான் மணலே வேணாம்னு வெறும் கண்ணாடியா விட்டுட்டேன். மீன் கழிவு, மிச்ச தீனி எல்லாம் ஃப்ளோல உருண்டு ஒரே மூலையில வந்து சேரும், தண்ணி மாத்தும்போது டியூப்ப அங்க வெச்சா உறிஞ்சிடும், வேலை முடிஞ்சுது. மணல்ல இருக்க வேண்டிய பாக்டீரியாவுக்கும் இடம் வேணும்ல, அதனால லைவ் ராக் (பாக்டீரியா குடியிருக்கிற பாறை) தாராளமா போட்டிருக்கேன். ஆரம்பத்துல பாக்க நல்லாவே இல்ல (வீட்ல "இது மீன் தொட்டியா பாத்ரூம் தொட்டியா"ன்னு ஒரே கிண்டல்), அப்புறம் கோரலைன் ஆல்கேங்கிற பாசி படர்ந்து அடி முழுக்க ஊதாவா ஆயிடுச்சு. மணல் இருந்தா வெளிச்சம் கீழ இருந்து மேல அடிக்கும், அந்த அழகு இதுல கிடையாது, ஒத்துக்கிறேன்.

கடல்குட்டி:
நான் வாங்கினது செகண்ட்ஹேண்ட் டேங்க், மணலோடவே வந்துச்சு, மூணு நாலு மில்லிமீட்டர் சைஸ்ல உடைச்ச கோரல். மேல பாத்தா சுத்தமாதான் இருந்துச்சு. சைஃபனை (உறிஞ்சுற டியூப்) உள்ள விட்டேன் பாருங்க, டிகிரி காப்பி கலர்ல தண்ணி! துண்டுக்கும் துண்டுக்கும் நடுவுல கழிவு இறங்கிப் போய் உக்காந்துக்குது, நைட்ரேட் எப்படி குறையும்? மொத்தத்தையும் ஒரே நாள்ல அள்ளினா, கழிவுல வர்ற அம்மோனியாவை மாத்துற பாக்டீரியாவும் கூடவே போயி அம்மோனியா ஏறிடும்னு பயந்து, ஒவ்வொரு தடவை தண்ணி மாத்தும்போதும் ஒரு பட்டை அளவு மட்டும் எடுத்துட்டு வந்தேன். கொஞ்சத்தை மட்டும் பிஸ்டல் ஷ்ரிம்ப்புக்காக (வளை தோண்டுற ஒரு இறால்) நைஸ் மணலோட கலந்து விட்டுட்டேன், ஏன்னா அதுக்கு வளை கட்ட பெரிய துண்டு வேணும். ஒவ்வொண்ணா இழுத்துட்டு வந்து வாசல்ல கூரை வேயும், அதோட ஒண்ணா வாழுற கோபி மீன் காவலுக்கு நிக்கும், ஷ்ரிம்ப்போட மீசை எப்பவும் கோபி மேலயே இருக்கும். கோபி வாலை ஒரு ஆட்டு ஆட்டினா ரெண்டும் உள்ள.

அலைவரிசை:
டீப் சாண்ட் பெட் பத்தி யாரும் பேசலயே. நாலுல இருந்து ஆறு இன்ச் நைஸ் மணல் போட்டா அடியில ஆக்ஸிஜன் இருக்காது, அங்க இருக்கிற பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் கேஸா மாத்திடும். எனக்கு நல்லா ஓடுது, ஆனா நோண்டவே கூடாது. அடியில ஹைட்ரஜன் சல்ஃபைடு சேர்ந்திருந்தா கிளறினதும் அழுகின முட்டை நாத்தம் வரும், மீனுக்கும் ஆபத்து. மணலைக் கிளறும்னு சொல்லி சாண்ட் சிஃப்டிங் ஸ்டார்ஃபிஷ் விக்கிறாங்க, அதை இதுல விடாதீங்க. மணல்ல இருக்கிற புழு பூச்சியெல்லாம் தின்னு தீர்த்துட்டு அப்புறம் அதுவே பட்டினியில சாகும். மேலாக்கக் கிளற நசாரியஸ் நத்தை போதும்.

அரகோனைட் போட்டா பிஹெச் தானா நிக்கும்னு ஒரு பேச்சு இருக்கே, அதையும் நம்பி உக்காராதீங்க. டேங்க் பிஹெச் 8.1, 8.3ன்னு இருக்கும்போது அது பெருசா கரையவே கரையாது. கால்சியம் ரியாக்டர்ல (அரகோனைட்டைக் கரைச்சு கோரலுக்கு கால்சியம் குடுக்கிற கருவி) கார்பன் டை ஆக்ஸைடு விட்டு 6.5 பக்கம் இறக்குறதே அதைக் கரைக்கத்தானே.

சின்னமீன்:
எல்லாருக்கும் நன்றிண்ணா. மணலைக் கழுவிட்டு போடணுமா?

உப்புத்தண்ணி:
காய்ஞ்ச மணல்னா தண்ணி தெளியுற வரைக்கும் கழுவுங்க, லைவ் சாண்ட்னா (பாக்டீரியாவோட ஈரமா வர்ற மணல்) கழுவாம அப்படியே போடுங்க தம்பி. பாறையை முதல்ல அடிக்கண்ணாடி மேல நிக்க வெச்சுட்டு அப்புறம் சுத்தி மணல் போடுங்க, மணல் மேல பாறை வெச்சா கோபி அடியில தோண்டி சாய்ச்சிடும். அப்புறம் கண்ணாடி துடைக்கிற மேக்னட்டை மணல் பக்கத்துல கொண்டு போகாதீங்க, நடுவுல ஒரு துகள் மாட்டினா கீறல்தான்.