'சைஸிங்': கஞ்சியிடலா, ஊறல்கட்டா?

அன்பர்களுக்கு வணக்கம்.

சயனோடைப், பிளாட்டினம், கம் பைகுரோமேட் போன்ற கைப்பூச்சு ஒளிப்பட அச்சுகளுக்கு, அதாவது ஒளியுணர் கரைசலைக் கையால் பூசி எடுக்கும் படங்களுக்கு, தாள் தேர்வதைப் பற்றி எழுதும்போது, தாளில் நீர் ஊறுவதைக் குறைக்கும் 'சைஸிங்' என்ற சொல்லில்தான் இடறுகிறோம். 'அளவிடல்' என்றால் பொருளே மாறிவிடும். நெசவில் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவதற்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். 'கஞ்சியிடல்' என்று வைக்கலாமா?

> 'கஞ்சியிடல்' என்று வைக்கலாமா?

வேண்டாம் ஐயா. பாவுக்குக் கஞ்சி போடுவது நூல் உராய்ந்து அறாமல் இருக்க. தாளுக்குச் செய்வது நீர் ஊறாமல் இருக்க. பயன்படும் பொருளும் வேறு. ஓவியத் தாள்கள் பலவற்றில் மேற்பரப்பில் ஜெலட்டின் இருக்கும். ஆலைத் தாள்களில் ஆல்கைல் கீட்டீன் டைமர் என்ற வேதிப்பொருளைக் கூழிலேயே கலந்துவிடுகிறார்கள். அது கஞ்சியும் இல்லை, பசையும் இல்லை. ஆகவே பொருளை விட்டு வேலையைச் சொல்லும் பெயர் வேண்டும்.

மட்டமான நோட்டில் எழுதினால் 'மை ஊறுது' என்கிறோமே, அதிலிருந்தே எடுக்கலாம்: ஊறல்கட்டு. 'ஊறல்தடுப்பு' சரிவராது. பூச்சு இழைக்குள் கொஞ்சமும் இறங்காவிட்டால் கழுவும்போது படம் நீரோடு போய்விடும். ஆழமாக இறங்கினால் அடர்நிறம் வெளிறித் திட்டுத்திட்டாகும். ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். விட்டவுடன் உறிஞ்சப்பட்டு ஈரத் திட்டாகப் பரவினால் ஊறல்கட்டு போதாது. நெடுநேரம் முத்தாக உருண்டு நின்றால் பூச்சு சீராகப் பரவாது.

கூழில் செய்வது உள் ஊறல்கட்டு. தாளின் மேல் செய்வது மேல் ஊறல்கட்டு. கம் பைகுரோமேட்டுக்குப் பெரும்பாலும் இரண்டாவதும் தேவை. முதலில் தாளை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, உலர்த்தி, சுருங்க விட வேண்டும். இல்லையேல் அடுத்தடுத்த பூச்சுகளில் படம் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது. பிறகு 100 மி.லி. குளிர்நீரில் 3 கிராம் ஜெலட்டினை 20 நிமிடம் உப்பவிட்டு, 50 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிப் பூசலாம். கொதித்தால் ஜெலட்டினின் இறுகும் திறன் போய்விடும். குரோம் ஆலம் போன்ற கடினமாக்கி சேர்க்காவிட்டால் வெதுவெதுப்பான கழுவுநீரிலேயே அது கரையும்.

> வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து

'ஊறல்கட்டு' மிகப் பொருத்தம், ஏற்கிறேன். ஆனால் அதே குறிப்பில் 'ஊறவை' வந்தால் குழப்பம். அந்த இடத்தில் 'அமிழ்த்து' என்று எழுதுவோம்.

இதோடு, அமிலத்தால் கெடாதிருக்கக் காரப்பொருள் சேர்த்த தாளான 'பஃபர்ட் பேப்பர்' என்பதையும் முடித்துவிடலாம். வேதியியலில் பஃபருக்குத் 'தாங்கல்' இருக்கிறது. ஆனால் 'தாங்கல் தாள்' என்றால் அடியில் வைக்கும் தாள் என்றே படிப்பார்கள். உள்ளே இருப்பது கால்சியம் கார்பனேட்தானே? 'சுண்ணமேற்றிய தாள்' என்போம். அந்தக் காரத்தன்மையால் சயனோடைப் படத்தின் நிறமியான பிரஷ்யன் நீலம் சிதைந்து மங்கும். 10 சதவீதச் சிட்ரிக் அமிலத்தில் குமிழ் அடங்கும்வரை அமிழ்த்தி, நன்றாக அலசுவது 'சுண்ணநீக்கம்'. ஆக்சாலிக் அமிலம் வேண்டாம். கரையாத கால்சியம் ஆக்சலேட் இழைகளிலேயே தங்கிவிடும். உலர்ந்தபின் சொட்டு நீர்ச் சோதனையை மறுபடி செய்யுங்கள். அமிலத்தில் கிடந்த தாளின் மேல் ஊறல்கட்டு தளர்ந்திருக்கலாம்.