ஒன்பதாம் வாய்ப்பாடு: உங்கள் வகுப்பறையில் பார்த்ததைச் சொல்லுங்கள்

கணக்கு வாத்தியார்:

இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு எடுக்கிறேன், பெரும்பாலும் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை. விடை ஒன்பது என்று வந்தால் பின்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பும். ஏன் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம், நாமெல்லாம் படித்த பள்ளிக்கூடம்தானே. எந்த வகுப்பிலும் ஒரு பையன் இருப்பான். கையை அசைத்து அசைத்துப் பேசுவான், கோலம் போடப் பிடிக்கும், கபடி என்றால் ஓரமாக நிற்பான். சிரிப்பு அவன் பக்கம் திரும்பும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் லேசாகச் சிரித்துவிட்டு, "சரி சரி, கணக்கைப் பாருங்கடா" என்று போயிருக்கிறேன். அதை ஒத்துக்கொள்ளாமல் இந்த இழையைத் தொடங்க எனக்கு மனசு வரவில்லை.

2022இல் அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்று புகார்ப் பெட்டி வைத்தார்கள், ஞாபகம் இருக்கும். எங்கள் பள்ளியில் அதைத் திறக்கும் ஆசிரியர்களில் நானும் ஒருவன். வழக்கமாக வருவதெல்லாம் ஒரே மாதிரி: கழிப்பறையில் தண்ணீர் இல்லை, பேருந்து நிற்காமல் போகிறது, விளையாட்டு பீரியடைக் கணக்கு சார் பிடுங்கிக்கொள்கிறார் (அது நான்தான்). ஒருநாள் நான்காக மடித்த கோடு போட்ட தாள் ஒன்று இருந்தது. "சார், 9ஆம் வாய்ப்பாடு சொல்லும்போது என்னைப் பார்த்து சிரிக்க வேண்டாம்னு சொல்லுங்க." பெயர் போடவில்லை. ஆனால் அந்த 9இன் வாலைச் சுருட்டி எழுதுகிறவன் வகுப்பில் ஒருவன்தான். வாரத்தில் மூன்று நாள் அவன் நோட்டைத் திருத்துகிறேன், எனக்குத் தெரியாதா.

அவனைத் தனியாகக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் 'போட்டுக்கொடுத்தவன்' என்று இன்னொரு பட்டம் வந்து சேரும். மறுநாள் அவனுடைய ஏழாம் வகுப்பில் வழக்கம்போல் வாய்ப்பாடு, வழக்கம்போல் சிரிப்பு. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "எதுக்கு சிரிச்சீங்க? சொல்லுங்க, நானும் சிரிக்கிறேன்" என்றேன். நாற்பது பிள்ளைகளில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதட்டவில்லை, பிரம்பை எடுக்கவில்லை. காத்திருந்தேன், அவ்வளவுதான். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அந்த எண்ணை வைத்து யாரைக் கேலி செய்கிறார்கள், அவர்களை மரியாதையாக எப்படிச் சொல்வது என்று பத்து நிமிடம் பேசினேன். திருநங்கை, திருநம்பி என்ற சொற்களைக் கரும்பலகையில் எழுதியபோது என் கை கொஞ்சம் நடுங்கியது. தலைமையாசிரியை என்ன சொல்வார் என்ற பயம்தான், வேறென்ன.

பிறகு வீட்டில் உட்கார்ந்து தேடிப் படித்தேன். நம் தமிழ்நாட்டிலேயே இப்படிப்பட்ட இளைஞர்களிடம் யுனெஸ்கோ ஓர் ஆய்வு செய்து 2019இல் வெளியிட்டிருக்கிறது. கேலிக்கும் அடிக்கும் ஆளானவர்களில் பள்ளியில் புகார் சொன்னவர்கள் 18 சதவீதம்தான். மூன்றில் ஒருவர் படிப்பையே விட்டிருக்கிறார். பெட்டியில் ஒரு தாள் விழுந்ததே பெரிய விஷயம் என்று அப்போதுதான் உறைத்தது.

நீங்கள் மாணவராக, ஆசிரியராக, பெற்றோராகப் பார்த்ததை எழுதுங்கள்.

கடைசி பெஞ்ச்:

சார், உங்கள் பதிவைப் படித்துவிட்டு அலுவலகத்தில் எழுந்து வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

என் பிரச்சினை வாய்ப்பாடு இல்லை, இன்டர்வெல். பத்து நிமிட இடைவேளையில் பையன்கள் கழிப்பறைக்குள் நுழைந்தால் என்ன நடக்கும் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டேன். எட்டாம் வகுப்பில் சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சலில் கிடந்தேன். "வெயில்ல ஆடிட்டு வந்திருப்பான்" என்றார் அப்பா.

எங்கள் தமிழம்மா ஒருவர் மட்டும் இதைக் கண்டுகொண்டார். இன்டர்வெல் முடிந்து பதினைந்து நிமிடம் ஆனதும், பாடம் நடத்திக்கொண்டே, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "டேய், ஆபீஸ்ல போய் சாக்பீஸ் வாங்கிட்டு வா" என்பார். மேசையில் ஒரு டப்பா நிறைய சாக்பீஸ் இருக்கும். போகிற வழியில் காலியான கழிப்பறை. இரண்டு வருடம் தினமும் சாக்பீஸ் வாங்கினேன். அவருக்கு என்னைப் பற்றி என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று இன்றுவரை தெரியாது. 2003இல் அவருக்கு எந்தப் பயிற்சியும் யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

ஆனால் ஒன்று. ஒரு நல்ல டீச்சர் அமைவது அதிர்ஷ்டம். அவருக்கு மாற்றல் வந்த வருடம் நான் மறுபடியும் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டேன்.

ஊர்க்காரன்:

எல்லோரும் உருகுகிறீர்கள். நான் ஒரு பெற்றோராகக் கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். கேலி செய்யாதே என்பது சரி, யாரையும் செய்யக்கூடாது. அதற்கு இந்தச் சொற்களையெல்லாம் ஏழாம் வகுப்பில் எழுதிப்போட வேண்டுமா? என் மகள் வீட்டில் வந்து கேட்டால் நான் என்ன பதில் சொல்வது?

வெள்ளைத்தோடு:

ஊர்க்காரன் அண்ணா, அந்தச் சொற்கள் ஏழாம் வகுப்புக்கு ஏற்கனவே வந்துவிட்டன. கெட்ட வடிவத்தில் வந்திருக்கின்றன, அதுதான் வித்தியாசம். எனக்கு ஆறாம் வகுப்பிலேயே நாலு பெயர் இருந்தது. ஒன்றுகூட நான் வைத்துக்கொண்டது இல்லை.

நான் திருநங்கை. வாத்தியார் சொன்ன அந்த மூன்றில் ஒருவர் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள், எட்டாவதோடு நின்றுவிட்டேன். பிறகு தனித்தேர்வராகப் பத்தாவது எழுதினேன். இப்போது தையல் கடை. எதிர்வீட்டுப் பெண் மேல்நிலை வகுப்புப் படித்தபோது தமிழ்ப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "அக்கா, நர்த்தகி நடராஜ் பத்தி பாடம் வந்திருக்கு, பரதம் ஆடுறவங்க, பத்மஸ்ரீ வாங்கினவங்க" என்று. புத்தகத்தில் அந்தப் பக்கத்தை நான் தடவிப் பார்த்தேன். நான் படித்த காலத்தில் எங்களை மாதிரி ஆட்கள் சினிமாவில் காமெடிக்கு மட்டும்தான் வருவார்கள்.

அதற்காக எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். 2021 ஜூன் 7ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் போட்ட உத்தரவில் பள்ளி கல்லூரிச் சான்றிதழில் பெயரையும் பாலினத்தையும் மாற்றித் தர வழி செய்யச் சொல்லியிருக்கிறார். அந்தத் தாளின் நகலை எடுத்துக்கொண்டு நான் ஏறிய படிகளுக்குக் கணக்கில்லை. ஒவ்வொரு மேசையிலும் அடுத்த மேசையைக் காட்டுவார்கள்.

ஸ்கார்பரோ அம்மா:

நாங்கள் யாழ்ப்பாணம், இப்போது டொரோண்டோ. 2015இல் ஒன்ராறியோவில் உடல்நலக் கல்விப் பாடத்திட்டத்தை மாற்றினபோது இங்கே பெரிய சண்டை. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் மறித்தவர்களும் இருந்தார்கள். நானும் அதை எதிர்த்துக் கையெழுத்துப் போட்ட ஆள்தான், மறைக்கேல்லை. அதிலே என்ன இருக்கென்று ஒரு பக்கமும் வாசிக்காமல் போட்டேன்.

பிறகு மகன் ஒருநாள் பிங்க் சட்டை வேணுமென்று நின்றான். கனடாவிலேயே நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் 2007இல் ஒன்பதாம் வகுப்புப் பெடியன் ஒருவன் பிங்க் சட்டை போட்டுக்கொண்டு போக, மற்றவர்கள் அவனைப் படாதபாடு படுத்தினார்களாம். பன்னிரண்டாம் வகுப்புப் பெடியன்கள் இரண்டு பேர் கடைக்குப் போய் 50 பிங்க் சட்டை வாங்கி வந்து பள்ளி வாசலில் கொடுத்தார்களாம். அதிலிருந்து வருசா வருசம் பள்ளிகளில் பிங்க் சட்டை நாள். கதையை மகன்தான் எனக்குச் சொன்னான். வீட்டில் பிங்க் சட்டை இல்லை, தமக்கையின் டீசேர்ட்டைப் போட்டுக்கொண்டு போனான், கையில் சின்னப் பூ வேலைப்பாட்டோடு. இவன்ர அப்பாவுக்கு முகம் ஒரு மாதிரிப் போயிட்டுது, ஆனால் ஒன்றும் கதைக்கேல்லை.

ஊர்க்காரன் தம்பி, பிள்ளை கேட்டால் என்ன சொல்வதென்று நானும் பயந்துதான் இருந்தேன். அவன் என்னைக் கேட்டதே இல்லை. அவனுக்குத்தான் என்னைவிடக் கூடத் தெரிந்திருந்தது.

கணக்கு வாத்தியார்:

ஊர்க்காரன், உங்கள் கேள்வியை எங்கள் பெற்றோர் கூட்டத்திலும் கேட்டார்கள், இதைவிடச் சத்தமாக. வெள்ளைத்தோடு சொன்ன அதே உத்தரவில் பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாகப் பெற்றோரிடமும் பேச வேண்டும் என்று இருக்கிறது. அந்தப் பக்கத்தைத்தான் தலைமையாசிரியை கையில் வைத்துக்கொண்டு பேசினார். நான் பயந்ததற்கு நேர்மாறாக அவர் என் பக்கம் நின்றார். ஒரு அப்பா எழுந்து போய்விட்டார். மற்றவர்கள் முறுக்கு, டீ வரும்வரை உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவுதான் எங்கள் வெற்றி.

பயிற்சி பற்றிக் கடைசி பெஞ்ச் சொன்னது சரி. 2021இல் என்சிஇஆர்டி, அதாவது பாடப்புத்தகம் போடும் மத்திய அரசு அமைப்பு, ஆசிரியர்களுக்கென்றே ஒரு கையேடு போட்டது, திருநர் பிள்ளைகளைப் பள்ளியில் எப்படிச் சேர்த்துக்கொள்வது என்று. கழிப்பறை, சீருடை எல்லாம் அதில் உண்டு. எதிர்ப்பு வந்ததும் சில நாட்களிலேயே தளத்திலிருந்து தூக்கிவிட்டார்கள். அதனால் என் மாதிரி ஆட்கள் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு மனசுக்குத் தோன்றியதைப் பேச வேண்டியிருக்கிறது. சரியாகத்தான் பேசினேனா என்பது அந்தப் பையனுக்குத்தான் தெரியும்.

அவன் இப்போது ஒன்பதாம் வகுப்பு. ஆமாம், ஒன்பதாம் வகுப்பேதான். சேர்ந்த முதல் நாள் வராண்டாவில் என்னைப் பார்த்து, "சார், நைன்த் 'ஏ' சார்" என்று சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

எட்டாம் வகுப்பில் சிரிப்பு முழுக்க நின்றுவிட்டது என்று யாராவது நினைத்தால், இல்லை. போன வாரம் வேறு பள்ளியிலிருந்து வந்த பையன் ஒருவன் 81 என்று சொல்வதற்குள் களுக்கென்று சிரித்தான். கூட யாரும் சேரவில்லை. பக்கத்துப் பையன் அவன் நோட்டை முழங்கையால் இடித்தான். நான் பத்தாம் வாய்ப்பாட்டுக்குப் போய்விட்டேன்.