சனிக்கிழமை ப்ராக் ட்ரிப், கார்டு இன்னும் வரல, போலாமா? ரொம்ப அவசரம்

வெண்பனி_98:
எல்லாருக்கும் வணக்கம். யூனில கல்ச்சுரல் வீக்கெண்டுன்னு செக் நாட்டு ப்ராக் கூட்டிட்டு போறாங்க, நாளன்னிக்கு காலைல 6 மணிக்கு பஸ், ஞாயிறு ராத்திரி ரிட்டர்ன். காசு கட்டியாச்சு, திரும்ப தரமாட்டாங்களாம். இன்னிக்குதான் கூட வர்ற பொண்ணு கேக்குறா, உனக்கு ரெசிடென்ஸ் கார்டு வந்துடுச்சான்னு. வரல, ஒரு பேப்பர்தான் குடுத்திருக்காங்க, விசா முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு. போயிட்டு திரும்பி வர்றப்ப உள்ள விடலன்னா என்ன பண்றது, அடுத்த வாரம் எக்ஸாம் வேற இருக்கு. கை காலெல்லாம் நடுங்குது, யாராவது சொல்லுங்க ப்ளீஸ்

லண்டன்_மாப்ள:
தம்பி போகவே போகாத. நம்ம பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா, அதான் ஐரோப்பாவுல பல நாட்டுக்கும் பொதுவான விசா, அது இல்லாம அங்க காலே வைக்க முடியாது. நான் இங்க வந்த புதுசுல பாரிஸ் போலாம்னு ஆசைப்பட்டு பேங்க் ஸ்டேட்மென்ட், காலேஜ் லெட்டர், இன்ஷூரன்ஸ்னு ஒரு கட்டு பேப்பர் தூக்கிட்டு அலைஞ்சு கடைசில அப்பாயின்ட்மென்டே கிடைக்கல. அப்ப ஒரே ரூம்ல நாலு பேரு, ஹீட்டருக்கு மீட்டர்ல காசு போடணும், காசில்லாத அன்னிக்கு ஜாக்கெட்ட போட்டுட்டே படுக்கணும். இப்ப வர்ற பசங்களுக்கு மூணாவது மாசமே ட்ரிப் கேக்குது.

சாக்சனி_சாம்பார்:
மாப்ள அது உங்க ஊரு சட்டம். இவரு எந்த நாட்டுல இருக்காருன்னே சொல்லல, ஆனா கார்டு, பேப்பர், பஸ்ல ப்ராக்னா ஜெர்மனியாத்தான் இருக்கும். இங்க ரெசிடென்ஸ் பர்மிட் இருந்தா தனி விசா தேவையில்ல, 180 நாள்ல 90 நாள் வரைக்கும் மத்த ஷெங்கன் நாடுகள சுத்தலாம். பார்டர்ல செக்கிங்லாம் ஒண்ணும் கிடையாது தம்பி, நான் 2019ல மூணு தடவ போயிருக்கேன், ஒருத்தன் எட்டிப் பாக்கல. தைரியமா ஏறு.

நைட்ஷிப்ட்_நந்து:
2019 கதைய நம்பி அனுப்பாதீங்கண்ணே. 2023 அக்டோபர்லயே செக் பார்டர்ல ஜெர்மன் போலீஸ் செக்கிங் ஆரம்பிச்சாச்சு, 2024 செப்டம்பர்ல எல்லா தரை எல்லைக்கும் கொண்டு வந்துட்டாங்க. போன தடவ நான் வந்த பஸ்ஸ ஓரங்கட்டி ஒவ்வொருத்தர் பாஸ்போர்ட்டா வாங்கி பாத்தாங்க. அது கெடக்கட்டும், ஒரு கார்டு பிரிண்ட் பண்ண ஏன்யா இத்தன மாசம்? எனக்கு வந்தப்ப அதுல பாதி வேலிடிட்டி போயிருச்சு. மெயில் போட்டா பதில் வராது, லெட்டர் மட்டும் லெட்டர்பாக்ஸ்ல வந்து விழும், அதுவும் எனக்கு புரியாத ஜெர்மன்ல.

சாக்சனி_சாம்பார்:
அதோட இங்க ஞாயித்துக்கெழம கடை எல்லாம் மூடி கெடக்கும். வந்த முதல் ஞாயிறு எனக்கு அது தெரியாது, பச்சத் தண்ணியும் ஊர்லேர்ந்து கொண்டுவந்த முறுக்கும்தான் மூணு வேளையும்.

வடமராட்சி_அப்பு:
பிள்ளையள், கார்ட் பிந்துது எண்டு அழுறியள். நான் 85இல ஜெர்மனிக்கு வந்தனான். அகதி விண்ணப்பம் போட்ட ஆக்கள் தந்த மாவட்டத்தை விட்டு வெளிய போகேலாது, அப்ப சட்டம் அப்பிடி. அடுத்த மாவட்டத்தில மச்சான் இருந்தவன், அவனைப் பாக்கப் போறதெண்டாலும் அனுமதிக் கடிதம் எடுக்கோணும். ஒருக்கா கடிதமில்லாமல் ரயில் ஏறி தண்டம் கட்டினனான். ப்ராக் அப்ப இரும்புத்திரைக்கு அங்கால, கம்யூனிஸ்ட் பக்கம். போய்ப் பாருங்கோ, ஆனா கடதாசி சரியோ எண்டு பாத்திட்டுப் போங்கோ.

கறாரு_கவிதா:
அப்பு சொன்னதுதான் விஷயம், மத்த புலம்பல அப்புறம் வச்சுக்கலாம். வெண்பனி, மூணு கேள்வி. எந்த ஊரு? விசா முடியறதுக்கு முன்னாடியே எக்ஸ்டென்ஷனுக்கு அப்ளை பண்ணியா? பேப்பர்ல எதுக்கு நேரா டிக் போட்டிருக்கு?

வெண்பனி_98:
டிரெஸ்டன் அக்கா. முடியறதுக்கு பத்து நாள் முன்னாடியே அப்ளை பண்ணேன். உள் பக்கத்துல 81, அதுல 4ன்னு இருக்கிற இடத்துல டிக் இருக்கு. அப்புறம் நான் தம்பி இல்ல 😭

கறாரு_கவிதா:
சரிடா. அது பேரு ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங், அப்ளிகேஷனுக்கு முடிவு வர்ற வரைக்கும் குடுக்கிற தற்காலிக சான்று. ரெசிடென்ஸ் சட்டத்துல 81வது பிரிவு, அதுல 4வது உட்பிரிவுன்னா பழைய விசாவோட உரிமை முடிவு வர்ற வரைக்கும் தொடருதுன்னு அர்த்தம், அத வச்சு பொதுவா வெளிய போயிட்டு திரும்பி வரலாம். 3ல டிக் இருந்தா போகவே கூடாது. என்னதான் இருந்தாலும் நாளைக்கு காலைல முத வேலையா யூனி இன்டர்நேஷனல் ஆபீஸ்ல பேப்பர காட்டி கேட்டுடு, நாங்க யாரும் வக்கீல் இல்ல. பாஸ்போர்ட், முடிஞ்ச விசா, அந்த பேப்பர் மூணும் ஒரிஜினலா கையில இருக்கணும், போன்ல போட்டோ காட்டினா எடுபடாது. பெரிய பையில போட்டு பஸ் அடியில தள்ளிடாத.

நைட்ஷிப்ட்_நந்து:
தங்கச்சி, ட்ராம் டிக்கெட் பேப்பர்ல எடுத்தா ஏறினதும் மெஷின்ல பஞ்ச் பண்ணு, இல்லன்னா டிக்கெட் இருந்தும் ஃபைன்தான். அங்க யூரோ இல்ல, கொரூனா. மொத்தமா மாத்தாத, கார்டே முக்கால்வாசி இடத்துல போதும். ஏடிஎம்ல யூரோ கணக்குல எடுக்கட்டுமான்னு கேக்கும், வேணாம்னு அமுக்கு. எக்ஸ்சேஞ்ச் கடைல ஏமாந்துட்டா 3 மணி நேரத்துக்குள்ள ரசீதோட போய் கேன்சல் பண்ணலாம், 2019லேர்ந்து சட்டமே இருக்கு.

ரயில்_சிநேகிதி:
யாரும் சொல்லாத ஒண்ணு. யூத மியூசியம் சனிக்கிழமை லீவு, கோட்டைக்குள்ள இருக்கிற செயின்ட் வீட்டஸ் சர்ச் ஞாயிறு காலைல பூசைக்காக டூரிஸ்டுக்கு மூடியிருக்கும். அதனால சனிக்கிழமை கோட்டை, ஞாயிறு யூதப் பகுதின்னு வச்சுக்கோ, உங்க ஆர்கனைசர் மாத்தி போட்டிருந்தா இப்பவே சொல்லிடு. அந்த மியூசியத்த சேர்ந்த பிங்கஸ் சினகாக், அதான் யூதர் கோயில், அதோட சுவரு முழுக்க நாஜிகள் கொன்ன கிட்டத்தட்ட 78,000 பேரோட பேரு எழுதி வச்சிருக்காங்க, அதுக்கப்புறம் உடனே பேசத் தோணாது, மதியத்துக்கு ஒண்ணும் பிளான் போடாத. 1357ல கட்ட ஆரம்பிச்ச சார்லஸ் பாலத்த விடிஞ்சும் விடியாம போய் பாரு, பத்து மணிக்கு மேல செல்ஃபி ஸ்டிக்தான் தெரியும். தெருவுக்கு தெரு விக்கிற ட்ர்டெல்னிக் அந்த ஊரு பழைய பலகாரம்னு சொன்னா நம்பாத. சைவம்னா ஸ்மாஷெனி சீர்னு கேளு, சீஸ பொரிச்சு தருவாங்க.

இன்னொண்ணு, 1348ல ஆரம்பிச்ச சார்லஸ் யூனிவர்சிட்டி அங்கதான் இருக்கு. சங்கப் பாட்டையும் முருகனையும் பத்தி எழுதின கமில் சுவலபில் ப்ராக்ல பொறந்து அங்கயே படிச்சவரு. 1968ல சோவியத் படை நுழைஞ்சதுக்கப்புறம் ஊர விட்டு போய் கடைசில நெதர்லாந்துல பேராசிரியரா இருந்தாரு. டூர் கைடு இத சொல்ல மாட்டாங்க, அதான் சொன்னேன்.

வடமராட்சி_அப்பு:
சுவலபிலோ? யாழ்ப்பாணத்தில எங்கட தமிழ் வாத்தியார் அவற்ற பேரைச் சொல்லக் கேட்டிருக்கிறன். அந்தாள் ப்ராக் எண்டு இண்டைக்குத்தான் தெரியும்.

வெண்பனி_98:
இன்டர்நேஷனல் ஆபீஸ்ல காட்டிட்டு வந்துட்டேன், இந்த பேப்பரோட போயிட்டு வரலாம்னு சொல்லிட்டாங்க. ஆர்கனைசர் யூத மியூசியத்த சனிக்கிழமைதான் போட்டிருந்தார், சொன்னதும் மாத்திட்டார். எல்லாருக்கும் தேங்க்ஸ், லண்டன் அண்ணாவுக்கும். பாஸ்போர்ட் பேக்ல வச்சாச்சு, மூணு தடவ திறந்து பாத்துட்டேன். அம்மாகிட்ட மட்டும் இன்னும் சொல்லல.

கறாரு_கவிதா:
திரும்பி வந்துட்டு சொல்லு.