மீன் குஞ்சு வாங்கும் முன்னால் தண்ணீரைப் பாருங்கள்

சங்கத்துச் சொந்தங்களுக்கு வணக்கம். நம் ஊர் ஏரியில் கெண்டை செத்து மிதக்கிற படங்களைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுப் புதுக் குஞ்சு விட்டுவிடலாம் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போது வேண்டாம். எதனால் செத்ததோ அது தண்ணீரில் அப்படியே இருக்கும்போது குஞ்சு மட்டும் எப்படிப் பிழைக்கும்?

செத்ததில் பெரிய மீன்தான் அதிகம், விடியற்காலையில் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன என்று சித்தப்பா போனில் சொன்னார். மஸ்கட்டில் தண்ணீர்ச் சுத்திகரிப்பு வேலையில் இருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இது பெரும்பாலும் மூச்சுத் திணறல்தான். தோட்டத்துப் பூச்சி மருந்து கலந்திருந்தால் பெரிசு சின்னது பார்க்காது, நண்டும் தவளையும் சேர்ந்து போகும்.

லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருந்தால் கெண்டைக்குக் கவலையில்லை, 2-க்குக் கீழே போனால் ஆபத்து. குளிர்ந்த தண்ணீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும் என்பது சரி, ஆனால் நம் ஊர் 2,000 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் குறைவு, அதே குளிரில் சமவெளியில் கரைவதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே கரையும். மேலே பூண்டுக்கும் கேரட்டுக்கும் போடுகிற கோழி எருவை மழை அடித்துக்கொண்டு வந்து ஏரியில் சேர்க்க, காட்டேஜ்களின் கழிவும் அதோடு கூடினால், பாசி மண்டிவிடும். அந்தப் பாசி பகலில் ஆக்சிஜன் கொடுக்கும், ராத்திரியில் தானே எடுத்துக்கொள்ளும், வெயிலே இல்லாமல் மேகம் மூடிக் கிடந்தால் பகலிலும் சரியாகக் கொடுக்காது, அப்புறம் அது செத்து அழுகும்போது மிச்சமிருப்பதும் தீர்ந்துவிடும். விடியும் நேரத்தில்தான் அளவு அடிமட்டத்துக்கு வரும்.

குளிர்ந்த தண்ணீரில் வளர்கிற டிரவுட் மீனை விடலாமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நீலகிரியில் அவலாஞ்சியில் 1907-இல் டிரவுட் பொரிப்பகம் வைத்தார்கள் என்றால் அங்கே சுத்தமான குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கெண்டையே தாங்காத தண்ணீரில் டிரவுட் நிற்காது தம்பி.

ஊரில் இருப்பவர்கள் செத்த மீனை உடனே அள்ளி, ஏரியை விட்டுத் தள்ளிக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். கருவாடு போடுவதாக யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். தோட்டத்து மோட்டாரை வைத்து ராத்திரியில் ஏரித் தண்ணீரையே இறைத்து உயரத்திலிருந்து விழ விட்டால் மிஞ்சிய மீனாவது பிழைக்கும். சங்கப் பணத்தில் வாய்க்கால் ஏரியில் சேருகிற இடத்தில் ஒரு வண்டல் குழி வெட்டலாம், கரையோரம் புல் வளர்க்கலாம். தோட்டம் வைத்திருப்பவர்கள் நம் பங்காளிகள்தான், எருவை மழைக்கு முன்னால் கொட்டாதீர்கள் என்று உட்கார்ந்து பேசினால் கேட்பார்கள். காட்டேஜ் கழிவு விஷயம் அப்படிப் பேசித் தீராது, குழாய் வந்து விழுகிற இடத்தைப் படம் எடுத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், மனுவை நான் எழுதித் தருகிறேன்.

அடுத்த மாதம் மஸ்கட்டிலிருந்து ஊருக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஆக்சிஜன் மீட்டரை என் செலவில் கொடுத்தனுப்புகிறேன். விடியுமுன் ஏரிக்கு இறங்கி அளந்து எழுதி வைக்க ஊரில் ஒரு ஆள் வேண்டும், யார் வருகிறீர்கள்?