கை வலு குறைவதை வீட்டிலேயே எப்படிக் கணக்கு வைப்பது? (டூசென், வயது 14)

ஈரோடு அம்மா:
வணக்கம். என் பையனுக்கு டூசென் தசைச்சிதைவு. நடை நின்று வீல்சேருக்கு வந்து கொஞ்ச காலம் ஆகிவிட்டது. செக்கப்புக்குப் போனால் பிசியோ கையைத் தூக்கச் சொல்வார், டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகச் சொல்வார், ஃபைலில் "ப்ரூக் 3" என்று கை வலுவுக்கு ஒரு எண் எழுதுவார். போன தடவையும் 3, இந்தத் தடவையும் 3. "அப்படியேதான் இருக்கான்மா, நல்லதுதானே" என்கிறார்கள்.

வீட்டில் எனக்கு அப்படித் தெரியவில்லை. தட்டை மேசை ஓரத்துக்கு இழுத்து, முழங்கையை ஊன்றித்தான் சாப்பிடுகிறான். பாதிச் சோற்றில் "போதும்மா" என்கிறான். பசி அடங்கி அல்ல, கை ஓய்ந்துபோய். மூக்கு அரித்தால் கை மேலே போவதில்லை, தலைதான் கீழே வருகிறது. தண்ணீரை அண்ணாந்து குடித்த பிள்ளை இப்போது வாய் வைத்துத்தான் குடிக்கிறான். டாக்டரிடம் சொன்னால் கேட்டுக்கொள்கிறார், ஆனால் எதுவும் பதிவாவதில்லை. தசை வலு சீக்கிரம் குறையாமலிருக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டைத் தொடரலாமா என்ற பேச்சு வரும்போதும் அந்த 3-ஐத்தான் பார்க்கிறார்கள். இதை அளக்க வேறு வழி உண்டா? நானே எழுதிவைத்தால் மதிப்பார்களா?

ஓ.டி. கோவை:
வணக்கம்மா. நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (ஓ.டி.), அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தருபவர். இந்தப் பிள்ளைகளோடுதான் என் வேலை. நீங்கள் கவனித்திருப்பது அத்தனையும் முக்கியம்.

ப்ரூக் அளவுகோலில் மொத்தமே 6 படி. தலைக்கு மேல் முழு வட்டமாகக் கையைத் தூக்கினால் 1. கை வாய்க்கு எட்டாமல், விரலாலும் பயனில்லாமல் போனால் 6. ஏறக்குறைய 240 மில்லி தண்ணீர் உள்ள டம்ளரை, இரண்டு கையாலாவது, வாய்க்குக் கொண்டுபோய்விட்டால் 3. ஒரு தடவை தூக்கினால் போதும். ஒரு தட்டுச் சோற்றைக் காலி செய்ய முடிகிறதா என்று அது கேட்பதே இல்லை. 3-க்கும் 4-க்கும் நடுவில் ஒரு பிள்ளை எவ்வளவோ இழந்திருக்கலாம், ஃபைல் அசையாது.

அடுத்த முறை பி.யு.எல். 2.0 என்ற கைச் செயல்பாட்டுச் சோதனையைச் செய்ய முடியுமா என்று கேளுங்கள். மருந்து ஆய்வுகள் வெகுகாலம் 6 நிமிட நடையையே நம்பியிருந்தன, நடை நின்ற பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. அவர்களையும் கணக்கில் எடுக்க வந்த சோதனை இது. மொத்தம் 42 மதிப்பெண்: தோளுக்கு 12, முழங்கைக்கு 17, மணிக்கட்டுக்கும் விரல்களுக்கும் 13. மேசைமேல் எடையை நகர்த்துவது, டப்பாக்களை அடுக்குவது, மூடி திறப்பது, தாள் கிழிப்பது, காசு பொறுக்குவது என்று போகும். டூசெனில் வலு தோளில் தொடங்கி விரலை நோக்கிக் குறைந்துகொண்டே வரும். தனித்தனியாகப் பார்த்தால்தான் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று தெரியும். பயிற்சி பெற்றவர்தான் செய்ய வேண்டும். இதோடு, அன்றாட வேலைகளைப் பற்றி 32 கேள்வி கொண்ட ஒரு தாளும் டூசெனுக்கென்றே இருக்கிறது. சுலபமா, சிரமமா, முடியாதா என்று பதில் சொல்ல வேண்டும்.

வீட்டில் வீடியோ எடுங்கள். அதே நாற்காலி, அதே மேசை, அதே தட்டு. போனைப் பக்கவாட்டில் வைத்து தலை, தோள், முழங்கை மூன்றும் தெரியும்படி எடுங்கள். முதல் சில வாயும் கடைசிச் சில வாயும் போதும். காய்ச்சல் வந்த வாரத்தில் வேண்டாம். உள்ளங்கை வாயருகே திரும்புகிறதா என்று கட்டாயம் பாருங்கள். பிசைய முடிந்தும் வாய்க்குப் போகும்போது சோறு சிந்தினால், முன்கை இறுகியிருக்கலாம். அதற்கு நீட்டல் பயிற்சியும் கையைச் சரியான நிலையில் பிடித்துவைக்க இரவில் போடும் ஸ்ப்ளின்ட்டும் தனியாகப் பார்க்க வேண்டும்.

ஸ்டீராய்டு பற்றி: நடை நின்ற பிறகும் தொடர்வது கையையும் மூச்சையும் காக்க உதவும் என்பதுதான் 2018-இல் வந்த சர்வதேச வழிகாட்டல். டாக்டரிடம் தைரியமாகப் பேசுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிட மட்டும் வேண்டாம், அது ஆபத்து.

வீல்சேர் தம்பி:
அக்கா, எனக்கும் டூசென்தான், வயது 27. ஒன்று சொல்கிறேன். எதை அளக்க வேண்டும் என்று அவனிடமே கேளுங்கள். கை தலைக்கு மேல் போகாமல் நின்றது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. சோறு ஊட்டிவிட்டாலும் வருத்தமில்லை. போன் திரையின் மேல் மூலைக்குக் கட்டைவிரல் எட்டாமல் போன அன்றுதான் மனசு ரொம்ப உடைந்தது. ஜாய்ஸ்டிக்கும் போனும்தான் எனக்கு வெளியுலகம். அது எந்த ஃபைலிலும் இல்லை.

அப்புறம், காலையில் இருக்கும் கை சாயங்காலம் இருக்காது. பள்ளி விட்டு வந்த பிறகும் ஒரு வீடியோ எடுங்கள். மேசையை மார்பளவுக்கு உயர்த்திப் பாருங்கள், முழங்கை ஊன்ற வசதியாகி வாய் எட்டும். ஆனால் உயர்த்திய தேதியை எழுதிவையுங்கள், இல்லாவிட்டால் கை தேறிவிட்டது என்று நினைத்துவிடுவார்கள்.

ஈரோடு அம்மா:
இருவருக்கும் ரொம்ப நன்றி. அவனிடமே கேட்டேன் தம்பி. சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு, பரீட்சை முழுக்க எழுத முடியுமா என்பதுதான் அவன் கவலை. சொல்வதை எழுத ஆள் கேட்டால் சான்றிதழ் வேண்டும் என்கிறார்கள். அதற்கு எதை எழுதிவைக்கட்டும்?

ஓ.டி. கோவை:
அவன் பாடப்புத்தகத்திலிருந்தே ஒரு பக்கத்தைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். முதல் பத்து நிமிடத்தில் எத்தனை வரி, அரை மணி கழித்து வரும் பத்து நிமிடத்தில் எத்தனை வரி என்று குறியுங்கள். அந்தத் தாள்களையே தேதி போட்டுப் பத்திரப்படுத்துங்கள், எழுத்து சுருங்குவதும் சாய்வதும் அதிலேயே தெரியும். சான்றிதழ் கேட்கப் போகும்போது வீடியோவோடு சேர்த்துக் காட்டுங்கள். பள்ளி திறந்ததுமே விண்ணப்பியுங்கள் அம்மா, பரீட்சை நெருங்கும்வரை காத்திருக்க வேண்டாம்.