காட்டுப் பாதை பராமரிக்கத் தன்னார்வலராகப் போகலாம் என்று இருக்கிறேன், என்ன வேலை தருவார்கள்?

ஈரமண்:
பல வருஷமாகக் காட்டுப் பாதைகளில் நடக்கிறேன். நான் வழக்கமாகப் போகிற பாதையில் ஒரு இடம் கடைசியாகப் பெய்த மழையில் முழங்கால் ஆழத்துக்கு அறுத்துக்கொண்டு போய்விட்டது. எல்லாரும் பள்ளத்தைத் தவிர்க்க ஓரமாகச் சுற்றி நடந்து நடந்து, ஒரு பாதை இருந்த இடத்தில் இப்போது மூன்று தடம் ஓடுகிறது, இடையில் இருந்த புல்லும் செடியும் போயே போய்விட்டன. நானும் அப்படிச் சுற்றிப் போனவன்தான், அது மனதை உறுத்துகிறது. பாதை தொடங்கும் இடத்தில் தன்னார்வலர்கள் தேவை என்று பலகை வைத்திருக்கிறார்கள். எனக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை, மண்வெட்டி பிடித்துப் பழக்கமில்லை, இடது முழங்கால் கொஞ்சம் பலவீனம். என்னைப் போன்றவருக்கு அங்கே உண்மையிலேயே வேலை இருக்குமா? அப்புறம் இன்னொன்று, நடக்கப் போகும்போது கையில் ஒரு அரிவாளை எடுத்துப்போய் வழியில் நீட்டிக்கொண்டிருக்கும் கிளைகளை நானே வெட்டிவிட்டால் தப்பா?

மேட்டுவழி:
தாராளமாகப் போங்கள். முக்கால்வாசி வேலை தண்ணீரை வெளியே அனுப்புவதுதான், அதற்குப் பலத்தைவிடப் பார்வைதான் வேண்டும். நீங்கள் சொல்கிற பள்ளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மலைச்சரிவில் போகிற பாதை சரிவின் கீழ்ப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும், 1 மீட்டர் அகலத்துக்கு 5 செ.மீ. இறக்கம் இருந்தால் போதும், விழுகிற மழை அப்படியே குறுக்கே கடந்து சரிவில் இறங்கிவிடும். ஆட்கள் நடக்க நடக்க நடுப்பகுதி அமுங்கும், வெளி ஓரத்தில் மண் சேர்ந்து வரப்பு மாதிரி கட்டிவிடும். அப்புறம் தண்ணீருக்கு வெளியேற வழி ஏது? பாதையையே வாய்க்காலாக்கிக்கொண்டு ஓடும். அந்த வரப்பை மண்வெட்டியால் உடைத்து வெளியே தள்ளிவிடுவதுதான் நான் முதல் நாள் செய்த வேலை. ஒரு நாள் முழுக்க அதுதான்.

இன்னொன்று, பாதைக்குக் குறுக்கே கட்டையோ கல்லோ பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பலர் அதைப் படி என்று நினைக்கிறார்கள். அது தண்ணீரைத் திருப்பிவிடுகிற தடுப்பு, அதனால்தான் நேர்குறுக்காக இல்லாமல் 45 டிகிரி அளவுக்குச் சாய்த்துப் பதிப்பார்கள். அதன் மேல்பக்கம் இலையும் வண்டலும் நிரம்பிவிட்டால் தண்ணீர் கட்டையைத் தாண்டிக் குதித்து அடுத்த பக்கம் குழி பறிக்கும். ஒரு முறை மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஒரு தடுப்பில் அடைத்திருந்த இலைமக்கைக் கையளவு வாரி வெளியே போட்டேன், அதுவரை பாதை நடுவே செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் ஒரு கணம் தயங்கி அப்படியே ஓரமாகத் திரும்பிக் காட்டுக்குள் போனது. அன்றைக்குத்தான் இந்த வேலை எனக்குப் புரிந்தது. முடிந்தால் நீங்களும் ஒரு மழையில் போய்ப் பாருங்கள், எங்கே வெட்ட வேண்டும் என்பதைத் தண்ணீரே காட்டிவிடும்.

முழங்காலைப் பற்றிக் கவலை வேண்டாம், முதலிலேயே சொல்லிவிடுங்கள். வடிகால் சுத்தம் செய்வது, கிளை வாருவது, பழுதான இடங்களைக் குறித்துக்கொண்டு வருவது என்று நின்ற நிலையில் செய்கிற வேலை நிறைய இருக்கிறது.

பச்சைக்கிளை:
அரிவாள் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். யாரிடமும் கேட்காமல் ஒரு பாதையோரப் புதரை முழங்கால் உயரத்தில் சாய்வாக வெட்டிவிட்டு வந்தேன், நல்லது செய்ததாக நினைப்பு. சில வாரம் கழித்துப் போனால் காய்ந்த முனைகள் ஈட்டி மாதிரி நிற்கின்றன. யாராவது கால் இடறி அதன்மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்ததுமே வயிற்றைப் பிசைந்தது. புதரை வெட்டினால் தரையோடு தரையாக வெட்ட வேண்டும். மரக்கிளை என்றால் அது அடிமரத்தோடு சேரும் இடத்தில் தடிப்பாக ஒரு வளையம் தெரியும், அதற்குச் சற்று வெளியே அறுக்க வேண்டும், அப்போதுதான் காயம் தானாக மூடும். கனமான கிளையில் முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துக்கொள்ளாவிட்டால் ஒடியும்போது பட்டையை நீளமாக உரித்துக்கொண்டு போகும்.

இதெல்லாம் தெரிந்தாலும் அனுமதி இல்லாமல் வெட்டாதீர்கள். அந்தப் புதரில் கூடு இருக்கலாம், அரிதான செடியாக இருக்கலாம், சில இடத்தில் ஆட்கள் குறுக்குவழி போகக்கூடாது என்றே அதை வளரவிட்டிருப்பார்கள். தனியாகப் போகும்போது கையால் நகர்த்தக்கூடிய குச்சியை ஓரமாகப் போடலாம், படம் எடுத்துப் பொறுப்பாளருக்கு அனுப்பலாம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாய்ந்து கிடக்கும் பெரிய மரத்தைத் தொடவே வேண்டாம். ஒரு பக்கம் இழுவிசையிலும் மறுபக்கம் அழுத்தத்திலும் இருக்கும், தெரியாமல் அறுத்தால் ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும் அல்லது துள்ளி ஆளை அடிக்கும். பயிற்சி பெற்றவர்கள் செய்கிற வேலை அது.

தொலைவழி:
மேலே சொன்னவை எல்லாம் சரி. கூட ஒன்று, காலணியையும் கருவிகளையும் மண் போகத் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டுப் போங்கள், திரும்பும்போதும் அப்படியே. மரங்களின் வேரை அழுகவைக்கும் ஃபைட்டாப்தோரா வகைக் கிருமிகள் ஒட்டிய சேற்றோடு ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகின்றன. நியூசிலாந்தில் கௌரி மரங்கள் இப்படிச் சாவதைத் தடுக்கப் பாதை தொடக்கத்திலேயே காலணி தேய்த்துக் கழுவுகிற இடம் வைத்திருக்கிறார்கள், சில பாதைகளை மூடியே விட்டார்கள்.

ஒரு நாள் போய்விட்டு வருவதைவிட ஒரு சின்ன நீளத்தைப் பொறுப்பெடுத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை 1921இல் யோசனையாக முன்வைக்கப்பட்டு 1937இல் முழுநீளமும் இணைந்தது, 14 மாநிலங்கள் வழியாகச் சுமார் 3,500 கி.மீ. போகிறது. அதைச் சங்கங்கள் பங்கு பிரித்துக்கொண்டு தன்னார்வலர்களை வைத்தே பராமரிக்கின்றன. ஒரே ஒரு கிலோமீட்டரை நான்கு பருவத்திலும் பார்க்கிறவருக்கு எந்த வடிகால் முதலில் அடைக்கும், எந்த மரம் சாயப்போகிறது என்பது தெரிந்துவிடும். எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்ததே அதுதான்.

ஈரமண்:
எல்லாருக்கும் நன்றி. பெயர் கொடுத்துவிட்டேன், முழங்கால் விஷயத்தையும் சொன்னேன், வடிகால் குழுவில் போட்டிருக்கிறார்கள். கடைசியாக ஒன்று, அதுவரை அந்தப் பள்ளம் வந்தால் எப்படிக் கடப்பது? ஓரம் இன்னும் அழியுமே.

மேட்டுவழி:
வெறும் சேறு என்றால் நடுவிலேயே மிதித்துப் போங்கள், காலணி நனைந்தால் காய்ந்துவிடும். முழங்கால் ஆழம் என்றால் உங்கள் காலுக்கு ஆபத்து, ஏற்கெனவே இருக்கும் மூன்று தடத்தில் அதிகம் தேய்ந்ததைப் பிடித்துப் போங்கள், நான்காவது ஒன்று மட்டும் வேண்டாம். முதல் நாள் கையுறையும் நிறையத் தண்ணீரும் எடுத்துப்போங்கள். கருவியைத் தோளில் வைக்காமல் சரிவின் கீழ்ப்பக்கக் கையில் தாழ்த்திப் பிடித்து நடக்கணும், வழுக்கினால் வெளியே வீசிவிடலாம்.