கிரேக்க, ரோம வரலாறு படித்து என்ன ஆகப்போகிறது?

கேள்வி – மலர்:
பி.ஏ. வரலாறு, இரண்டாம் ஆண்டு. இந்த செமஸ்டரில் பண்டைய கிரேக்கமும் ரோமும் ஒரு தாள். "குரூப் 2-க்குப் படிக்கிறதை விட்டுட்டு ஏதென்ஸ்ல எவன் ஆண்டா உனக்கென்ன?" என்கிறார் அப்பா. என்ன பதில் சொல்வது?

பதில் – பழைய வாத்தியார்:
பள்ளியில் வரலாறு நடத்தியவன் நான். தேர்தல் பணிக்கும் பலமுறை போயிருக்கிறேன். அதனால் இந்தக் கதைமேல் எனக்குத் தனிப் பிரியம்.

அந்தக் கால ஏதென்ஸில் ஒருவரைப் பத்தாண்டு ஊரைவிட்டே அனுப்ப மக்கள் வாக்களிக்கலாம். குற்றச்சாட்டு, விசாரணை எதுவும் கிடையாது, சொத்தும் பறிபோகாது. உடைந்த பானை ஓட்டில் பெயரைக் கீறிப் போட வேண்டும், அவ்வளவுதான். 6,000 ஓடுகளாவது விழ வேண்டும்.

1937-இல் ஏதென்ஸின் கோட்டைக்குன்றான அக்ரோபோலிஸின் வடசரிவில் ஒரு கிணற்றில் சுமார் 190 ஓடுகள் கிடைத்தன. ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே பெயர், தெமிஸ்டோக்ளிஸ். கிமு 480-இல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகரை முறியடித்தாரே, அவரேதான். கையெழுத்தை ஒப்பிட்டால் மொத்தமே 14 பேர் எழுதியவை! பல ஓடுகள் ஒரே மாதிரிக் கிண்ணங்களின் அடிப்பாகம். யாரோ உட்கார்ந்து எழுதி, விநியோகிக்கத் தயாராக வைத்திருக்கிறார்கள். வாக்குச்சாவடிக்கு வெளியே சாமியானா போட்டு உட்கார்ந்திருக்கும் கட்சிக்காரர்கள்தான் எனக்கு ஞாபகம் வந்தார்கள்.

பதில் – குமரன்:
பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வாக்கே இல்லாத ஊர் சார். அதைப் போய் ஜனநாயகம் என்று கொண்டாட வேண்டுமா?

பதில் – பழைய வாத்தியார்:
கொண்டாடச் சொல்லவில்லையே தம்பி. யாருக்கு வாக்கு இல்லை என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

மலர், அந்த ஓடுகளைச் சதி என்று உடனே முடிவுகட்டவும் முடியாது. எழுதத் தெரியாதவர்களுக்கு உதவியாக எழுதிக் கொடுத்திருக்கலாம். ஏதென்ஸின் இன்னொரு தலைவர் அரிஸ்டைடிஸைப் பற்றி, பழங்கால வாழ்க்கை வரலாற்று எழுத்தாளர் புளூட்டார்க் ஒரு கதை சொல்கிறார். எழுதத் தெரியாத ஒருவன், ஆள் யாரென்று தெரியாமல் அவரிடமே பானை ஓட்டை நீட்டி, "அரிஸ்டைடிஸ்" என்று எழுதித் தரச் சொன்னானாம். அவரும் எழுதிக் கொடுத்தாராம். அப்படியானால் கிணற்றில் கிடைத்தது உதவியா, ஏற்பாடா? கையெழுத்து, கிண்ணம், கிடைத்த இடம் மூன்றையும் வைத்து வாதாட வேண்டியதுதான். வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் நம்பும் காலத்தில் இந்தப் பழக்கத்துக்கு வேலை இருக்கிறது என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

அப்புறம், குரூப் 2-வையும் விட்டுவிடாதீர்கள். அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.